எட்வர்ட் எர்னெஸ்ட் கிரீன்

எட்வர்ட் எர்னெஸ்ட் கிரீன் (1861 - 1949) இலங்கையில் பிறந்து, அங்கேயே நெடுங்காலம் பணியாற்றிய ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஆவார். செடிகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள், மாவுப்பூச்சிகள் ஆகியவற்றின் வகைப்பாட்டில் உலக அளவில் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். தேயிலையைத் தாக்கும் சிலந்திப்பேன்களையும் அவற்றை ஒத்த நுண்பேன்களையும் வேறுபடுத்தி விவரித்த தொடக்ககால ஆய்வாளர்களுள் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார். ஐந்து பகுதிகளாக வெளிவந்த இலங்கைச் செதில் பூச்சிகள் பற்றிய நூல் இவரது முதன்மைப் படைப்பாகும். இலங்கை அரசின் பூச்சியியலாளராகவும், பின்னர் லண்டன் பூச்சியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார்.

பூச்சியியல் பட்டம் பெற்று இத்துறைக்கு வந்தவர் அல்லர் கிரீன். தோட்டத்தில் செடி சாவதைப் பார்த்து, அதைக் கொல்வது எது என்று தேடப் புகுந்தவர். தமிழகத்தின் காப்பி, தேயிலை, கரும்பு, மா, மல்பெரி ஆகியவற்றின் பீடைகள் பலவற்றின் அறிவியற் பெயருக்குப் பின்னால் இவரது பெயர் இன்றும் எழுதப்படுகிறது. எனினும் தமிழில் இவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

பிறப்பும் சூழலும்

கிரீன் 1861ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்த காலம் அது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் தூத்துக்குடி வழியாகவும் மன்னார் வழியாகவும் கடல் கடந்து அத்தோட்டங்களுக்குச் சென்றனர். காப்பி விளைந்தால் கூலி உண்டு. விளையாவிட்டால் கூலி பாக்கி. எனவே காப்பிச் செடியின் நோய்களும் பீடைகளும் துரைமாருக்கு மட்டும் உரிய கவலையாக இருக்கவில்லை.

கிரீன் பிறந்த அதே 1861இல், இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மானிய இயற்கையியலாளர் ஜான் நீட்னர், காப்பிச் செடியின் பகைகளைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். இலைகளைச் செந்நிறமாக்கும் ஒரு பேனுக்கு அதில் அவர் அக்காரஸ் காஃபியே என்று பெயரிட்டார். இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழுவின் அந்துப்பூச்சிக்கு அவர் இட்ட பெயர் இன்று ஹோமோனா காஃபியாரியா என்று வழங்குகிறது. இவ்விரண்டு பெயர்களிலும் காப்பி உள்ளது. ஆனால் இன்று இவ்விரண்டையும் அறிந்திருப்போர் பெரும்பாலும் தேயிலைக்காரர்களே. இந்த மாற்றம் நிகழ்ந்த காலமே கிரீன் பணியாற்றிய காலமாகும்.

இங்கிலாந்தில் கல்வி கற்ற பின்னர் இலங்கை திரும்பிய கிரீன், மலைநாட்டில் பூண்டுலோயாவில் தோட்டத் தொழிலில் ஈடுபட்டார். இவர் பின்னாளில் விவரித்த இனங்கள் பலவற்றின் முதல் மாதிரிகள் பூண்டுலோயாவில் எடுக்கப்பட்டவை. செதில் பூச்சி ஆய்வாளர்களுக்கு அந்தச் சிற்றூரின் பெயர் இன்றும் நன்கு தெரிந்த ஒன்று.

காப்பியின் வீழ்ச்சியும் பச்சைச் செதில் பூச்சியும்

1869இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அதை உண்டாக்கும் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அழித்தது. பாடநூல்களில் இந்த வரலாறு பொதுவாக இத்துடன் முடிந்துவிடும். துருநோயினால் நலிந்த செடிகள் மீது 1882ஆம் ஆண்டளவில் இன்னொரு பீடையும் ஏறியது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தட்டையாக, வெளிர் பச்சை நிறத்தில், நெல்மணியை விடச் சிறிதாக, இலை நரம்போரங்களிலும் இளந்தண்டிலும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த அது பச்சைப் பூச்சி என்று தோட்டங்களில் அழைக்கப்பட்டது. துருநோயைத் தாங்கி நின்ற பல தோட்டங்கள் கைவிடப்படுவதற்கு இதுவே கடைசிக் காரணமாக அமைந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. கூலி கிடைக்காத தொழிலாளர்கள் ஊர் திரும்பினர்.

இந்தப் பூச்சியை கிரீன் 1889இல் லெக்கானியம் விரிடே என்ற பெயரில் புதிய இனமாக விவரித்தார். இன்று அது காக்கஸ் விரிடிஸ் என வழங்கப்படுகிறது. காப்பி மட்டுமன்றி எலுமிச்சை, கொய்யா உள்ளிட்ட பல செடிகளில் வெப்பமண்டலம் முழுவதும் காணப்படுகிறது. சேர்வராயன் மலை, நீலகிரி, குடகு ஆகிய இடங்களின் காப்பித் தோட்டங்களும் இதை நன்கு அறியும்.

பச்சைச் செதில் பூச்சி பெரும்பாலும் ஆண் இன்றியே இனம் பெருக்குவது. ஒரே ஒரு பெண்பூச்சி ஒட்டிய நாற்று போதும், ஒரு தோட்டம் முழுவதும் பரவிவிடும். முட்டைகள் தாயின் உடலுக்கடியிலேயே பொரிந்து, குஞ்சுகள் சிறிது தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் ஊசி போன்ற வாயைச் செருகி அமர்கின்றன. அவை வெளியேற்றும் இனிப்புத் திரவத்திற்காக எறும்புகள் வருகின்றன. எறும்புகள் காவல் நிற்பதால் பூச்சியைத் தின்னும் பகைகள் நெருங்க முடிவதில்லை. அதே திரவம் படிந்த இலையில் கரும்பூஞ்சை வளர்ந்து இலை கறுக்கிறது. இலை கறுப்பதைக் கண்டு பூஞ்சைக்கு மருந்திட்டால் பயன் இராது, பூச்சியே காரணம். மழைக்காலத்தில் வெண்ணிறப் பூஞ்சை ஒன்று இப்பூச்சிகளைச் சூழ்ந்து கொல்வதும் உண்டு. காப்பி ஆய்வாளர்கள் அதைப் பின்னாளில் பயனுக்குக் கொண்டுவந்தனர்.

தேயிலையும் சிலந்திப்பேன்களும்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். காப்பி வீழ்ந்த பின் மலைநாடு முழுவதும் தேயிலையாக மாறியது. 1890களின் முடிவில் அதன் பரப்பு மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. ஒரே செடி இவ்வளவு பரப்பில் தொடர்ச்சியாக நிற்கும்போது அதைத் தின்பவையும் பெருகும். காப்பிக்கு நேர்ந்தது தேயிலைக்கும் நேருமோ என்ற அச்சம் தோட்டக்காரர்களிடம் இருந்தது. இந்நிலையில் 1890இல் கொழும்பில் கிரீனின் தேயிலைப் பூச்சிப் பீடைகள் பற்றிய நூல் வெளிவந்தது. நூலின் பெயரில் பூச்சி என்று இருந்தாலும், பூச்சிகள் அல்லாத சில உயிரிகளும் அதில் இடம்பெற்றன. அவையே பேன்கள்.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் பேன் என்ற சொல் பல உயிரிகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. தலைப்பேன் ஆறுகால் பூச்சி. வெங்காயத்திலும் மிளகாயிலும் காணப்படும் இலைப்பேனும் ஆறுகால் பூச்சியே. ஆனால் சிலந்திப்பேன் பூச்சி அன்று. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள் உண்டு. உணர்கொம்பும் இறக்கையும் கிடையா. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள் இருப்பதால் முதல் பார்வையில் பூச்சி என்று தோன்றக்கூடும். மழை பெய்ததும் செம்மண் நிலங்களில் ஊரும் பட்டுப் போன்ற சிவந்த தம்பலப்பூச்சியும், பெயரில் பூச்சி இருந்தாலும், இவ்வகுப்பினதே. இந்த வேறுபாடு வெறும் ஏட்டறிவு அன்று. கந்தகத் தூள் பேன்களை நன்கு அழிக்கும்; செதில் பூச்சிகளுக்கோ மண்ணெண்ணெயைச் சோப்பில் கரைத்துத் தெளிப்பதே அக்கால வழக்கம். எது என்று தெரியாமல் மருந்திட்டவர் கூலியையும் மருந்தையும் ஒருங்கே இழந்தார்.

தேயிலையின் செஞ்சிலந்திப்பேன் முதிர்ந்த இலைகளின் மேற்பரப்பில் வாழ்கிறது. பெண்பேன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. உடலின் முன்பகுதி சிவப்பு, பின்பகுதி கருஞ்சிவப்பு. உருண்டையான சிவந்த முட்டைகளை இலை நரம்புகளை ஒட்டி இடுகிறது. வெப்பமான காலத்தில் இரண்டு வாரத்திற்குள் ஒரு தலைமுறை நிறைவுறுகிறது. சாறு இழந்த இலை செம்புப் பாத்திரத்தின் நிறத்தை அடைந்து உதிர்கிறது. வறண்ட மாதங்களில் பெருகி, பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டுக் குறைவது இதன் இயல்பு. கொழுந்து பறிப்பவர்களின் உடையில் ஒட்டியும், காற்றில் இழை விட்டும் பரவுகிறது.

இந்த உயிரிக்கு இரண்டு முறை பெயரிடப்பட்டது. காப்பியில் கண்டு நீட்னர் 1861இல் பெயரிட்டதை முன்னர்க் கண்டோம். 1884இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வுட்-மேசன் அஸ்ஸாம் தேயிலையின் பீடைகள் பற்றிய தமது அறிக்கையில், அங்குள்ள செஞ்சிலந்திப்பேனை டெட்ரானிகஸ் பயோகுலேட்டஸ் என்ற புதிய இனமாக விவரித்தார். தேயிலை நூல்கள் நெடுங்காலம் இப்பெயரையே பயன்படுத்தின. இரண்டும் ஒன்றே என்பது பின்னர் ஏற்கப்பட்டது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்குப் பெயரிடலின் விதியாதலால் நீட்னரின் பெயர் மீண்டது. 1955இல் பிரிச்சர்ட், பேக்கர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சிலந்திப்பேன் குடும்பத் திருத்த நூலில் இது ஒலிகோநிகஸ் காஃபியே என்று இடம்பெற்றது. அஸ்ஸாமின் பேனும் இலங்கையின் பேனும் ஒரே இனம் என்றால், ஓரிடத்தில் பயன் தந்த முறை மற்ற இடத்திலும் பயன் தரக்கூடும் என்று எதிர்பார்க்கலாம். பெயர் ஒன்றாவதன் பயன் இதுதான்.

சிலந்திப்பேன்களை இனம் பிரிப்பது எளிதன்று. நிறம் வயதுக்கும் உணவுக்கும் ஏற்ப மாறும். பெண்பேன்கள் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கும். ஆண்பேனின் இனப்பெருக்க உறுப்பின் வளைவையும், கால் நுனி நகத்தின் அமைப்பையும் உருப்பெருக்கியில் நோக்கியே உறுதி செய்ய முடியும். கிரீனின் காலத்தில் இந்த அடையாளங்கள் இன்னும் வகுக்கப்படவில்லை. அவர் தமது கண்ணையும், செடியில் ஒவ்வொன்றும் வாழும் இடத்தையும், உண்டாக்கும் சேதத்தின் வடிவத்தையும் நம்பியே பிரித்தார்.

அவ்வாறு பிரித்து அவர் 1890இல் பெயரிட்டவற்றுள் ஊதாப்பேன் முதன்மையானது. இது சிலந்திப்பேன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. செடி நுண்பேன்களின் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. எட்டுக்குப் பதிலாக நான்கு கால்களே உடையது. கதிர் போன்று நீண்ட ஊதா நிற உடலின் மீது ஐந்து வெண்ணிற மெழுகு வரைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அந்த வரைகளைக் குறித்தே, முகடு உடையது என்ற பொருளில், டைஃப்லோட்ரோமஸ் காரினேட்டஸ் என்று பெயரிட்டார். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரியில் ஐந்து வரைகளை எண்ணியது இவரது கூர்மைக்குச் சான்றாகும். இதன் இன்றைய பெயர் கலாக்காரஸ் காரினேட்டஸ். இச்சாதியைக் கலிபோர்னியாவின் கெய்ஃபர் 1940இல் நிறுவினார்.

கிரீன் இதை வைத்த சாதிக்கும் ஒரு கதை உண்டு. 1857இல் ஜெர்மனியில் ஷாய்டன் என்பவர் பேரி மர இலையில் நான்குகால் நுண்பேனையும் எட்டுக்கால் பேனையும் ஒன்றாகக் கண்டு, முன்னது குஞ்சு, பின்னது முதிர்ந்தது எனக் கருதி டைஃப்லோட்ரோமஸ் என்ற பெயரை வைத்தார். உண்மையில் எட்டுக்கால் உடையது மற்றப் பேன்களை வேட்டையாடித் தின்னும் வேறொரு உயிரி. இன்று டைஃப்லோட்ரோமஸ் என்பது அந்த வேட்டைப்பேன்களின் பெயராகவே நிலைத்துள்ளது. ஆக, கிரீன் தாவரத்தைத் தின்னும் பேனுக்கு இட்ட சாதிப்பெயர், அத்தகைய பேன்களைத் தின்னும் பேனுக்கு உரியதாகிவிட்டது.

மூன்றாவது, மஞ்சள்பேன். இளங்கொழுந்தின் அடிப்பரப்பில் வாழும் இது ஏறத்தாழ நிறமற்றது, ஒளி ஊடுருவும். அதனால் கிரீன் இதற்கு அக்காரஸ் டிரான்ஸ்லூசென்ஸ் என்று பெயரிட்டார். அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. வாஷிங்டன் நகரில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த மாங்கொழுந்திலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு நேதன் பாங்க்ஸ் 1904இல் சூட்டிய லேட்டஸ் என்ற பெயரே நிலைத்து, பாலிஃபாகோடார்சோனிமஸ் லேட்டஸ் என வழங்கப்படுகிறது. தமிழக மிளகாய் உழவர்கள் முரணை என்று சொல்லும் நோய்க்குக் காரணமான மஞ்சள் முரணைச் சிலந்தி இதுவே. விளாத்திகுளம் முதலான கரிசல் பகுதிகளில் மிளகாய் பயிரிடுவோர் இதை ஓர் எளிய அடையாளத்தால் அறியலாம். இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த படகு போல ஆனால் இந்தச் சிலந்திப்பேன். முன்னது பூச்சி, பின்னது பூச்சி அன்று. ஆதலால் மருந்தும் வேறு. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளை இடும்போது வேட்டைப்பேன்கள் மடிந்து சிலந்திப்பேன்கள் முன்னிலும் பெருகுவது பல பயிர்களில் அறியப்பட்ட உண்மை.

தேயிலையிலும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கொப்புள நோய் பரவியபோது தாமிர மருந்துகள் பெருமளவில் தெளிக்கப்பட்டன. தெளித்த தோட்டங்களில் பேன்களின் தொகை கூடியதை ஆய்வாளர்கள் கவனித்தனர்.

செதில் பூச்சிகள் பற்றிய நூல்

பேன்களை விவரித்தபோதும் கிரீனின் நாட்டம் செதில் பூச்சிகளிலேயே ஆழ்ந்திருந்தது. இவற்றின் பெண்பூச்சிகள் பல இனங்களில் கால், இறக்கை அனைத்தையும் இழந்து, மெழுகாலான ஓட்டின் கீழ் வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் கிடக்கின்றன. ஆண்பூச்சியோ இரண்டு இறக்கைகளுடன் பறந்து, உணவே உண்ணாமல் சில நாட்களில் மடிகிறது. இரண்டும் ஒரே இனம் என்று பார்த்தவுடன் எவரும் சொல்ல முடியாது. பெண்ணை ஓட்டிலிருந்து பிரித்து, காரக் கரைசலில் கொதிக்கவைத்துச் சதையை நீக்கி, எஞ்சிய தோலைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, உடலின் கடைசிக் கண்டத்திலுள்ள மடல்களையும் துளைகளையும் நோக்கி இனம் காண வேண்டும். கிரீன் இந்த வேலையைப் பல்லாண்டுகள் செய்தார்.

அதன் பயனாக விளைந்த நூலின் பகுதிகள் 1896, 1899, 1904, 1909, 1922 ஆகிய ஆண்டுகளில் லண்டனில் வெளிவந்தன. முதற் பகுதிக்கும் ஐந்தாம் பகுதிக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள் உள்ளன. கிரீன் தேர்ந்த ஓவியராகவும் கல்லச்சுக் கலைஞராகவும் இருந்தமையால் படங்களைத் தாமே வரைந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட வண்ணப் படத்தட்டுகளில், செடியில் பூச்சி எவ்வாறு தோன்றும் என்பதும் உருப்பெருக்கியில் எவ்வாறு தோன்றும் என்பதும் அருகருகே காட்டப்பட்டுள்ளன. உருப்பெருக்கி இல்லாத தோட்டக்காரருக்கு ஒரு படம், ஆய்வாளருக்கு ஒரு படம் என்று கொள்ளலாம். இந்நூலைச் செதில் பூச்சி ஆய்வாளர்கள் இன்றும் எடுத்து நோக்குகின்றனர்.

அரசுப் பணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரீன் இலங்கை அரசின் பூச்சியியலாளராகப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியேற்றார். 1913இல் ஓய்வு பெறும்வரை அப்பணியில் இருந்தார். தோட்டங்களிலிருந்து வரும் மாதிரிகளைப் பார்த்துப் பெயர் சொல்வது, பீடை பரவும் இடங்களுக்குச் செல்வது, துண்டறிக்கைகள் எழுதுவது ஆகியன இவரது வேலைகள். 1905இல் பேராதனைக்கு வந்த பூஞ்சையியலாளர் டாம் பெட்ச் செதில் பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராய்ந்தார். பூச்சியையும் பூச்சியின் நோயையும் ஆராய்ந்த இருவர் ஒரே இடத்தில் பணியாற்றியது இலங்கைக்கு வாய்த்த நல்வாய்ப்பு எனலாம்.

அக்காலத்தில் தேயிலைத் தோட்டங்களைக் கவலையில் ஆழ்த்திய மற்றொன்று, தண்டைத் துளைத்து உள்ளே பூஞ்சை வளர்த்து உண்ணும் சிறு வண்டு. இதைப் பற்றியும் கிரீன் எழுதினார். 1868இல் ஐக்ஹோஃப் இலங்கை மாதிரிகளைக் கொண்டு சைலிபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் என்று பெயரிட்ட இனமாகவே இது ஒரு நூற்றாண்டுக்கு மேல் கருதப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான மரபணு ஆய்வுகள் இப்பெயரின் கீழ் ஒன்றையொன்று ஒத்த பல இனங்கள் கலந்திருந்ததைக் காட்டின.

முசுறு எறும்புகள்

செதில் பூச்சிகளைத் தேடுபவர் எறும்புகளையும் பார்க்காமல் இருக்க முடியாது. மா, முந்திரி முதலிய மரங்களில் உயிருள்ள இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள், எந்த இழையால் இலைகளைத் தைக்கின்றன என்பது அக்காலத்தில் ஐயத்திற்கு உரியதாக இருந்தது. வளர்ந்த எறும்புக்குப் பட்டு நூற்கும் உறுப்பு இல்லை. கிரீன் இலங்கையில் கூடுகளைக் கிழித்து, எறும்புகள் அவற்றைச் சீர்செய்வதை உற்றுநோக்கினார். எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவற்றின் வாயிலிருந்து வரும் இழையால், தறியில் நாடாவை ஓட்டுவது போல, இங்கும் அங்கும் ஓட்டி இலைகளைத் தைக்கின்றன என 1896இல் தெரிவித்தார். இதை நேரில் கண்டு பதிவு செய்த முதல் சிலருள் இவரும் ஒருவர்.

பிற்காலம்

ஓய்வுக்குப் பின் கிரீன் இங்கிலாந்து சென்று சரே மாவட்டத்தின் கேம்பர்லியில் வாழ்ந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் அனுப்பப்பட்ட செதில் பூச்சிகளை அங்கிருந்து இனம் கண்டு கொடுத்தார். 1923 - 1924 காலப்பகுதியில் லண்டன் பூச்சியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1949இல் காலமானார். இவரது செதில் பூச்சித் தொகுப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியப் பயிர்களும் சப்பாத்திக்கள்ளியும்

கிரீன் இலங்கையில் இருந்தபோதே இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். கரும்பின் கணுக்களை ஓடாக மூடும் மெலனாஸ்பிஸ் குளோமெரேட்டா (1903), மாமரத்து மாவுப்பூச்சிகளுள் ஒன்றான ராஸ்ட்ரோகாக்கஸ் ஐசெரியாய்டிஸ் (1908), செம்பருத்தி மாவுப்பூச்சி எனப்படும் மக்கோனெல்லிகாக்கஸ் ஹிர்சூட்டஸ் (1908) ஆகியவை இவர் விவரித்தவை. தேயிலையைத் தாக்கும் ஃபியோரினியா தியே (1900) என்பதும் அவ்வாறே. இவற்றுள் செம்பருத்தி மாவுப்பூச்சி, பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரியில் டுக்ரா என்று சொல்லும் குருத்துச் சுருளலை உண்டாக்குவது. திராட்சையிலும் பெருஞ்சேதம் விளைவிக்கும். 1994இல் கரிபியத் தீவான கிரெனடாவில் இது திடீரெனப் பரவியபோது, இனம் எது என்று தெரிந்திருந்ததால் அதன் பகையான அனாகைரஸ் காமாலி என்னும் சிறு குளவியைத் தேடிக் கொணர்ந்து கட்டுப்படுத்த முடிந்தது.

தென் தமிழகக் கடற்கரைக்கு நெருக்கமான கதை சப்பாத்திக்கள்ளியினுடையது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வழியாகத் தெற்கே செல்பவர் தேரி மணலிலும் வேலியோரங்களிலும் இக்கள்ளியைக் காணலாம். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கேப்டன் நீல்சன் என்பவர் 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சாயம் தரமாகக் கிடைக்கவில்லை. வந்த பூச்சி உண்மையான கொச்சினீல் அன்று, அதன் உறவினம் ஒன்று. சாயம் தராவிட்டாலும் அது ஒரு வகைக் கள்ளியை அடியோடு அழித்தது. எனவே 1836 - 1838 காலத்தில் தென்னிந்தியாவுக்கும், பின்னர் 1865ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் களை அழிப்பிற்காகவே கொண்டுசெல்லப்பட்டது. ஒரு களையை ஒரு பூச்சியைக் கொண்டு வெற்றிகரமாக அடக்கிய மிகப் பழைய நிகழ்வுகளுள் இது ஒன்று.

இலங்கையில் இப்பூச்சியை ஆராய்ந்த கிரீன் 1896இல் இதை உண்மையான கொச்சினீலின் ஒரு வகையாகப் பிரித்து சிலோனிகஸ் என்ற பெயரைக் கொடுத்தார். பின்னர் இது தனி இனமாகவே உயர்த்தப்பட்டு டாக்டைலோப்பியஸ் சிலோனிகஸ் என வழங்கப்படுகிறது. தென் அமெரிக்காவில் தோன்றிய பூச்சிக்கு இலங்கையின் பெயர் அமைந்தது இவ்வாறுதான்.

இந்தப் பூச்சி அழித்தது ஒபன்ஷியா மொனகாந்தா என்ற கள்ளியை மட்டுமே. கடற்கரை மாவட்டங்களில் மலிந்திருந்த ஒபன்ஷியா டில்லெனியை அது தொடவில்லை. பூச்சியின் பெயரோடு கள்ளியின் பெயரும் சரியாகத் தெரிந்த பிறகே இதற்கு விடை கிடைத்தது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டாக்டைலோப்பியஸ் ஒபன்ஷியே என்ற வேறு இனம் 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பெரும் பரப்புகளில் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் சாய்ந்து, உழவுக்கும் மேய்ச்சலுக்கும் நிலம் மீண்டது. இன்றும் கள்ளி மடல்களில் வெண்பஞ்சு ஒட்டியது போலக் காணப்படுவதை நசுக்கினால் விரலில் இரத்தச் சிவப்பு படியும்.